கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கலாமா?

பஸ் நிலையத்துச் சுவரில் ஒரு பெரிய விளம்பரம். ஒரு வாலிபன் சிரித்துக்கொண்டே மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வீசுகிறான். "கண்ணாடியிலிருந்து விடுதலை! சில நிமிஷங்களில் லேசர் சிகிச்சை! கத்தி இல்லை, வலி இல்லை! சுலபத் தவணை உண்டு!" இது எந்தக் கம்பெனியின் விளம்பரம் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லாருடைய விளம்பரமும் ஒரே அச்சில் வார்த்ததுதான்.

விடுதலை! தோழர்களே, இந்தச் சொல்லின் அர்த்தம் நமக்குத் தெரியும். அதற்காக நம் முன்னோர்கள் சிறைக்குப் போனார்கள், தடியடி பட்டார்கள், சிலர் உயிரையே கொடுத்தார்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் கிடைக்கிற விடுதலையை இப்போதுதான் கேள்விப்படுகிறோம்.

"இது பணக்காரர்கள் விஷயம், நமக்கென்ன?" என்று நினைத்து விடாதீர்கள். இந்த வலை இன்று நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. போலீஸ் வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் மனுப்போடுகிற விவசாயக் கூலியின் மகன் இதில் விழுகிறான். பெண் பார்க்க வந்தவர்கள் "கண்ணாடி போட்ட பெண் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போக, ஆலையில் வேலை செய்து சேர்த்த பணத்தோடு பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் தாய் இதில் விழுகிறாள். நகையும் பாத்திரமும் போதாதென்று வரதட்சிணைப் பட்டியலில் இப்போது கருவிழியையும் சேர்த்துவிட்டார்கள்!

ஆகவே இந்த விஷயத்தை நாம் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். மேஜையில் படுப்பதற்கு முன்னால் புரிந்துகொள்ள வேண்டும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயன் என்ன?

விஞ்ஞானம் நம் எதிரி அல்ல

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். லேசர் கூடாது என்று நாம் சொல்லவில்லை. விஞ்ஞானத்தைப் பழிப்பது உழைப்பாளி வர்க்கத்தின் வேலையல்ல.

இந்தச் சிகிச்சைக்கு வித்திட்டவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்தவர். 1929-ல் பிறந்த ரங்கசாமி சீனிவாசன் சென்னைப் பல்கலைக் கழகத்தில் ரசாயனம் படித்து, அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்தவர். 1981 நவம்பரில், பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சித் துண்டு ஒன்றைக் கூடத்துக்கு எடுத்துச் சென்று, அதன் மேல் 'எக்ஸைமர்' என்ற புற ஊதாக் கதிர் லேசரைப் பாய்ச்சினார். கதிர் பட்ட இடம் செதுக்கியதுபோல் சுத்தமாக நீங்கியது. பக்கத்துச் சதை கருகவில்லை. அவரும் சகாக்களான ஜேம்ஸ் வைன், சாமுவேல் புளும் ஆகியோரும் கண்ட இந்த உண்மையை, 1983-ல் ஸ்டீபன் ட்ரோக்கல் என்ற கண் டாக்டர் கருவிழிக்குக் கொண்டு போனார். அதற்குப் பின் பல நாட்டு டாக்டர்கள் பாடுபட்டதன் பலன்தான் இன்றைய சிகிச்சை.

மனித அறிவின் சாதனை இது. சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சாதனை யார் கைக்குப் போயிற்று?

அமெரிக்காவில் சம்மிட், விஸ்எக்ஸ் என்ற இரண்டு லேசர் கம்பெனிகள் தங்கள் காப்புரிமைகளை ஒன்றாகக் குவித்து வைத்துக்கொண்டன. டாக்டர் லேசரை இயக்கும் ஒவ்வொரு முறைக்கும் 250 டாலர் கட்டணம் விதித்தன. போட்டி போட வேண்டிய இருவரும் கூட்டுச் சேர்ந்து விலையைத் தூக்கி நிறுத்துகிறார்கள் என்று அந்த நாட்டு வாணிபக் கமிஷனே 1998-ல் வழக்குத் தொடுத்தது. அதன் பிறகுதான் அந்தக் கூட்டு கலைந்தது. முதலாளித்துவ நாட்டின் சர்க்காரே "இது ஏகபோகம்" என்று சொல்ல நேர்ந்த கதை இது. நோயாளியின் கண்ணுக்குள் போகிற வெளிச்சத்துக்குச் சுங்கச் சாவடி கட்டினார்கள், தோழர்களே!

ஆகவே நம் சண்டை லேசரோடு அல்ல. அதைச் சரக்காக்கி, அதன் குறைகளை மூடி வைத்து விற்கிற வியாபாரத்தோடு.

எந்த லேசர்?

'லேசர்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பல சரக்குகளை விற்கிறார்கள். பிரித்துப் பார்ப்போம்.

அவசியமான லேசர் உண்டு. சர்க்கரை நோயால் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் கெட்டுப்போனவருக்கு, பார்வையைக் காப்பாற்ற டாக்டர் லேசர் வைக்கச் சொல்லலாம். கண் நீர் அழுத்த நோயில் ஒரு வகைக்கு லேசரால் சிறு துவாரம் போடுவார்கள். புரை ஆபரேஷன் ஆனபின் சில மாதமோ சில வருஷமோ கழித்து உள் சவ்வு மங்கினால், அதை லேசரால் திறந்து விடுவார்கள். இவை வைத்தியம். சர்க்கார் ஆஸ்பத்திரியில் கேளுங்கள். தள்ளிப் போடாதீர்கள். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு "லேசர் என்றாலே மோசம்" என்று சர்க்கரை நோயாளி வீட்டில் உட்கார்ந்தால், அது எங்களுக்குப் பெரும் பாவம்.

புரைக்கும் 'லேசர் ஆபரேஷன்' என்று ஒன்றை அதிக விலைக்கு விற்கிறார்கள். பிரான்சில் ஐந்து பல்கலைக் கழக ஆஸ்பத்திரிகளில் இதை வழக்கமான புரை ஆபரேஷனோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, முடிவை 2020-ல் வெளியிட்டார்கள். லேசர் முறை மேலானதல்ல, கூடுதல் செலவுக்குத் தக்க பலனும் இல்லை என்பதே அந்த முடிவு. ஆகவே "லேசரில் செய்தால்தான் நல்லது" என்று சொல்லி உங்கள் தகப்பனாரின் புரைக்கு இரட்டை விலை கேட்டால், ஏமாறாதீர்கள்.

மூன்றாவதுதான் பஸ் நிலையத்துச் சுவரில் இருப்பது: கண்ணாடியைக் கழற்றுவதற்கான லேசர். லாசிக் என்று பெயர். நோயைக் குணப்படுத்த அல்ல. கண்ணாடியால் சரியாகத் தெரிகிற கண்ணுக்கு, கண்ணாடி இல்லாமல் தெரியச் செய்வதற்காக. இதிலே ஒரு முக்கியமான உண்மை அடங்கியிருக்கிறது: ஆபரேஷன் மேஜையில் படுக்கிற கண் நோயற்ற கண். செய்யாவிட்டால் உயிருக்கோ பார்வைக்கோ ஆபத்து கிடையாது. அவசரம் எதுவும் இல்லை. "இந்த வாரத்துக்குள் வந்தால் சலுகை" என்கிறானே, அந்த அவசரம் அவனுடைய கல்லாப்பெட்டியின் அவசரம்.

என்ன செய்கிறார்கள்?

கருவிழியின் மேல் கண்ணாடி போல் ஒரு படலம் இருக்கிறது. கார்னியா என்பார்கள். அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு மைக்ரான். அந்தக் கணக்கில் பலருக்குக் கார்னியாவின் கனம் 540 மைக்ரான் அளவில் இருக்கும். சிலருக்குக் குறைவு, சிலருக்கு அதிகம்.

லாசிக் முறையில் முதலில் அந்தப் படலத்தின் மேற்பகுதியைச் சுமார் 100 முதல் 120 மைக்ரான் கனத்துக்கு மடல் போல் அறுத்துத் திறப்பார்கள். பிறகு எக்ஸைமர் லேசரால் உள்ளே செதுக்குவார்கள். மடலை மறுபடி மூடிவிடுவார்கள். "கத்தி இல்லை" என்கிறார்களே? கத்திக்குப் பதில் இன்னொரு லேசரால் அறுக்கிறார்கள், அவ்வளவுதான். அறுப்பு அறுப்புதான்.

மடல் போடாமல் மேல் தோலை மட்டும் நீக்கிச் செதுக்கும் பி.ஆர்.கே. என்ற முறையும் உண்டு. அதில் சில நாள் வலி இருக்கும், பார்வை தெளியவும் நாளாகும். சிறு துவாரம் வழியாக உள்ளிருந்து ஒரு தகட்டை உருவி எடுக்கும் ஸ்மைல் என்ற முறையும் உண்டு. எந்த முறையானாலும் படலத்தின் சதை குறைகிறது. எடுத்த சதையைத் திரும்ப ஒட்ட வைக்க இந்த உலகத்தில் எந்தக் கம்பெனியாலும் முடியாது. பிடிக்கவில்லையென்றால் கண்ணாடியைக் கழற்றி வைக்கலாம். செதுக்கிய கண்ணை எங்கே கழற்றி வைப்பது?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

ஸ்பின்னிங் தொழிலாளித் தோழர்களுக்குப் பஞ்சு இழையின் நேர்த்தி தெரியும். ஒரு பஞ்சு இழையின் பருமன் சுமார் 15 மைக்ரான். மைனஸ் பவரில் ஒன்றைக் குறைக்கக் கார்னியாவிலிருந்து செதுக்கும் கனமும் ஏறக்குறைய அதே அளவுதான். ஒரு பவருக்கு ஒரு பஞ்சு இழை என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்குப் போடுவோம். ஒருவருக்குக் கார்னியா 540 மைக்ரான். பவர் மைனஸ் 4. மடலுக்கு 110, செதுக்குவதற்கு 60, ஆக 170 போனால் மீதி 370. பரவாயில்லை. இன்னொருவருக்குக் கார்னியா 480 மைக்ரான். பவர் மைனஸ் 8. மடலுக்கு 120, செதுக்குவதற்கு 120, ஆக 240 போனால் மீதி 240. இது ஆபத்து. மடலுக்கு அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் விதி. 300 வேண்டும் என்கிற டாக்டர்களும் பலர். இதை மீறினால் என்ன ஆகும்? மெலிந்த சுவர் உள்ளிருக்கும் அழுத்தம் தாங்காமல் பிதுங்குவதுபோல், கார்னியா நாளடைவில் முன்னுக்குப் புடைத்துப் பார்வை கோணலாகும். சிலருக்குக் கார்னியா மாற்று ஆபரேஷன் வரை போகும்.

கனம் மட்டும் போதாது. வடிவமும் பார்க்க வேண்டும். சிலருக்கு, அதிலும் கண்ணை ஓயாமல் கசக்குகிற வாலிபர்களுக்கு, கார்னியா கூம்பு போல் மாறும் நோய் தொடக்க நிலையில் மறைந்திருக்கும். கண்ணாடிக் கடைப் பரிசோதனையில் அது தெரியாது. கார்னியாவை மேடு பள்ளம் வாரியாகப் படம் பிடிக்கிற கருவியில்தான் தெரியும். அந்த நோய் உள்ளவருக்கு லாசிக் செய்யக் கூடாது.

ஆகவே முதல் கேள்வி: "என் கார்னியாவின் கனம் எத்தனை? வடிவப் படம் எங்கே? மடலுக்கு எவ்வளவு, செதுக்க எவ்வளவு, மீதி எவ்வளவு?" கூலிக் கணக்குக் கேட்கிற நமக்கு இந்தக் கணக்கும் கேட்கத் தெரியும். எண்ணைச் சொல்லாமல் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால், செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வாருங்கள்.

இன்னும் ஆறு கேள்விகள்

இரண்டாவது: "என் பவர் நிலைத்து நிற்கிறதா?" பதினெட்டு வயதுக்கு முன் செய்யக் கூடாது. வயதானாலும், கடைசி ஒரு வருஷமாவது பவர் மாறாமல் இருக்க வேண்டும். ஏறிக்கொண்டே போகிற பவருக்கு ஆபரேஷன் செய்தால் மறுபடி கண்ணாடி வரும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தள்ளிப் போட வேண்டும். கட்டுக்கடங்காத சர்க்கரை நோய், மூட்டு வாத நோய், கண் நீர் அழுத்தம், கண்ணில் முன்பு வந்த அக்கிப் புண் இவை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் பரிசோதனைக்கு முன்பே, டாக்டர் சொல்கிற வாரக் கணக்குப்படி அதை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் அளவே தப்பாகும்.

மூன்றாவது: "என் வேலைக்கு இது ஒத்து வருமா?" மடல் அறுக்கும்போது கார்னியாவின் நுண்ணிய நரம்புகளும் அறுபடுகின்றன. அதனால் கண்ணில் ஈரம் குறைந்து உறுத்தும், எரியும். பலருக்கு மாதக் கணக்கில் தணியும், சிலருக்கு நீடிக்கும். குளிர்சாதன அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு இது ஒரு தொல்லை. பஞ்சுத் தூசி பறக்கும் ப்ளோ ரூமில் எட்டு மணி நேரம் நிற்பவருக்கோ, கதிரடிக்கும் களத்தில் நிற்பவருக்கோ அது என்ன தொல்லை என்று நினைத்துப் பாருங்கள். இன்னொன்று, இரவு விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது, ஒளி சிதறிக் கண் கூசுவது. இரவெல்லாம் லாரி ஓட்டுகிறவருக்கு எதிரே வரும் விளக்கு பூவாக விரிந்தால் கதி என்ன?

இது எங்கள் கற்பனையல்ல. அமெரிக்க சர்க்காரின் மருந்து, உணவுக் கட்டுப்பாட்டு இலாகாவும் ராணுவ இலாகாவும் கண் ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்தி 2017-ல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது: ஆபரேஷனுக்கு முன் இத்தகைய பார்வைக் கோளாறு எதுவும் இல்லாதிருந்தவர்களில் 46 சதவிகிதம் வரையானவர்களுக்கு, மூன்று மாதம் கழித்து ஏதாவதொரு புதிய கோளாறு தெரிந்தது. முன்பு கண் உலர்ச்சி இல்லாதவர்களில் 30 சதவிகிதம் வரையானவர்களுக்கு உலர்ச்சி வந்தது. நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அன்றாட வேலைக்கே பெரும் கஷ்டம் ஏற்பட்டவர்கள் ஒரு சதவிகிதத்துக்கும் குறைவு. பார்வையில் திருப்தி என்றவர்கள் 95 சதவிகிதத்துக்கு மேல். நாங்கள் இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டோம். சுவர் விளம்பரம் ஏன் ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறது?

நான்காவது: "கண்ணில் அடிபட்டால் என்ன ஆகும்?" மடல் ஒட்டிக்கொள்ளுமே தவிர, பழைய பலத்துக்கு ஒருபோதும் வராது. பல வருஷம் கழித்துக்கூடப் பலமாக அடிபட்டால் மடல் நகரலாம். கரும்புத் தோகை கண்ணில் கிழிக்கிற வயலிலும், மாட்டுக் கொம்பு முகத்துக்கு எதிரே ஆடுகிற தொழுவத்திலும் வேலை செய்கிறவர் இதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவருக்கு மடல் இல்லாத முறையோ, பேசாமல் கண்ணாடியோ மேல். ஆபரேஷனுக்குப் பின் சில வாரம் தூசி, குளத்துத் தண்ணீர், கண் கசக்குதல் கூடாது. அத்தனை நாள் கூலியை யார் தருவார்கள்? விளம்பரத்தின் விலையோடு அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது: "நாற்பது வயதுக்குப் பின் என்ன?" நாற்பதைத் தாண்டினால் எல்லாருக்கும் கிட்டப் பார்வை மங்கும். அது கார்னியாவின் கோளாறல்ல, உள்ளிருக்கும் லென்ஸின் முதுமை. லாசிக் அதைத் தடுக்காது. மைனஸ் 2 பவர் உள்ளவர் நாற்பத்தைந்து வயதில் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் பத்திரிகை படிக்கலாம், ஊசியில் நூல் கோக்கலாம். லாசிக் செய்தவர் அப்போது படிப்பதற்குப் புதுக் கண்ணாடி வாங்குவார். "வாழ்நாள் முழுதும் கண்ணாடி வேண்டாம்" என்பது சுத்தப் புளுகு. மேலும் அதிக மைனஸ் பவர் உள்ள கண்ணின் விழித்திரை கிழியும் ஆபத்தும் லாசிக்கால் போவதில்லை. விழித்திரைப் பரிசோதனை முன்பும் வேண்டும், பின்பும் வேண்டும்.

ஆறாவது: "நான் தேடுகிற வேலைக்கு இது குறுக்கே நிற்குமா?" இதை வாலிபத் தோழர்கள் இரண்டு முறை படியுங்கள். ரயில் என்ஜின் ஓட்டும் வேலை போன்ற பாதுகாப்புப் பதவிகளுக்கு, லாசிக் செய்துகொண்டவர்கள் தகுதியற்றவர்கள் என்று ரயில்வே தேர்வு வாரிய அறிவிப்புகளில் அச்சிட்டே வந்திருக்கிறார்கள். தாயின் தோட்டை அடகு வைத்து, ரயில் வேலைக்கென்றே லாசிக் செய்துகொண்டு, அதனாலேயே ரயில் வேலையை இழந்தால் அந்தக் கொடுமையை என்னவென்று சொல்வது? படையிலும் போலீசிலும் பதவிக்குப் பதவி விதி வேறு. முதலில் அந்த வேலையின் அறிவிப்பை வாங்கிக் கண் விதியை வரி வரியாகப் படியுங்கள். ஆஸ்பத்திரிக்காரன் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். வேலை கொடுப்பவன் அவனல்ல.

ஏழாவது: "என் காகிதங்கள் எங்கே?" ஆபரேஷனுக்கு முந்திய அளவுகள், படங்கள் எல்லாவற்றின் நகலையும் வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் புரை வந்தால், உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட அவை உதவும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் நோயாளியின் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ ஒழுங்கு விதி. சிகிச்சையின் தன்மை, மாற்று வழி, அதன் அபாயம் எல்லாவற்றையும் விளக்கிய பின்பே சம்மதம் வாங்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2008-ல் தீர்ப்பளித்திருக்கிறது. கட்டணம் கொடுத்துப் பெறும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என்று அதே கோர்ட் 1995-ல் சொல்லியிருக்கிறது. இங்கிலீஷ் காகிதத்தில் கடைசி நிமிஷம் கைநாட்டு வாங்குவது சம்மதம் அல்ல, மோசடி. காகிதத்தை முதல் நாளே வாங்கி வந்து, படித்தவர் ஒருவரைக் கொண்டு தமிழில் சொல்லச் செய்யுங்கள்.

"டாக்டருக்குத் தெரியாதா?"

சிலர் கேட்பார்கள்: "டாக்டர் படித்தவர், அவருக்குத் தெரியாததா?" டாக்டருக்குத் தெரியும். "உங்களுக்கு இது வேண்டாம், கண்ணாடியே போடுங்கள்" என்று திருப்பி அனுப்புகிற நேர்மையான டாக்டர்கள் எத்தனையோ பேர் உண்டு. அவர்களை நாம் வணங்குகிறோம். அவர் சொல்வதைக் கேளுங்கள். "அங்கே வேண்டாம் என்றார்கள், இங்கே செய்கிறோம் என்கிறார்கள்" என்று அடுத்த கடைக்கு ஓடாதீர்கள்.

ஆனால் கடன் வாங்கிக் கோடிக்கணக்கில் இயந்திரம் வாங்கிப் போட்ட கம்பெனிக்கு, இயந்திரம் ஒரு நாள் சும்மா நின்றாலும் நஷ்டம். நம் ஆலையில் தறி நின்றால் மேஸ்திரி எப்படிக் கத்துகிறார்? அதே விதிதான் அங்கேயும். விளம்பரம் செய்து நோயாளியைப் பிடிப்பது டாக்டருக்குத் தகாது என்று அதே 2002 விதி சொல்கிறது. டாக்டர் செய்யக் கூடாததைக் கம்பெனி செய்கிறது. 'ஆலோசகர்' என்ற பெயரில் ஒரு விற்பனையாளர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பேரம் பேசுகிறார். கண்ணைப் பார்ப்பதற்கு முன் பர்ஸைப் பார்க்கிறார்.

அமெரிக்காவில் 2022-ல் மேற்சொன்ன கட்டுப்பாட்டு இலாகா, லாசிக்கின் அபாயங்களை நோயாளிக்குப் புரியும் பாஷையில் எழுதி, ஒவ்வொன்றாகப் படித்துச் சரி பார்க்கும் பட்டியலோடு கொடுக்க வேண்டும் என்று ஒரு வரைவு வெளியிட்டது. அதை எதிர்த்தது யார் தெரியுமா? அந்த ஆபரேஷன் செய்கிற டாக்டர்களின் சங்கங்கள்! இப்படிப் பயமுறுத்தினால் ஆள் வரமாட்டார்கள் என்ற கவலை. உண்மையைச் சொன்னால் விற்காத சரக்கா அது? நல்ல சரக்கென்றால் ஏன் பயம்?

நம் பக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. லாசிக்குக்கு முன்பு, கருவிழியில் சக்கரத்து ஆரக்கால் போல் கீறிப் பவரைக் குறைக்கும் முறையைச் சோவியத் டாக்டர் ஸ்வியதோஸ்லாவ் ஃபியோதரவ் 1970-களில் மாஸ்கோவில் வளர்த்தார். நோயாளிகளை வரிசையாக நகர்த்தி, டாக்டருக்கு ஒரு வேலையாகப் பிரித்துச் செய்ததை உலகமே வியந்தது. அந்த முறை அமெரிக்காவுக்கும் பரவியது. அங்கே பத்து வருஷம் தொடர்ந்து கவனித்து 1994-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 43 சதவிகிதக் கண்களில் பவர் எதிர்ப்பக்கமாக ஒரு பவரோ அதற்கு மேலோ நகர்ந்திருந்தது. முதல் வருஷம் இனித்தது பத்தாம் வருஷம் கசந்தது. லாசிக் அதைவிட நிலையானது என்பது உண்மை. ஆனாலும் பாடம் ஒன்றுதான்: மறுநாள் காலையின் சந்தோஷத்தைக் காட்டி விற்கிறவனிடம், பத்தாம் வருஷத்துக் கணக்கைக் கேளுங்கள்.

நமக்கு வேண்டியது என்ன?

ஒரு பக்கம் நோயற்ற கண்ணுக்கு லேசர் விற்கிறார்கள். மறுபக்கம் என்ன நடக்கிறது? உலகத்தில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறை. அவர்களில் குறைந்தது 100 கோடிப் பேரின் குறை தடுத்திருக்கக் கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அவர்களில் பெரும் பகுதிக்குத் தேவை லேசர் அல்ல. ஒரு சாதாரண மூக்குக் கண்ணாடி!

அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களிடம் ஓர் ஆராய்ச்சி நடந்து, 2018-ல் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்குக் கிட்டப் பார்வைக் கண்ணாடி இலவசமாகக் கொடுத்தார்கள். கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டால், கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலை 21.7 சதவிகிதம் கூடியது. ஒரு மலிவான கண்ணாடி நாளொன்றுக்கு ஐந்து கிலோ இலையைக் கூட்டியது! அப்படியானால், கண்ணாடி இல்லாமல் இத்தனை வருஷம் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி இலை பறித்த அந்தத் தாய்மார்கள் இழந்த கூலி எவ்வளவு? ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுக்க முதலாளிக்கு மனம் வரவில்லையே, ஏன்?

நம் ஆலைகளிலும் இதே கதைதான். அறுந்த இழையைத் தேடிப் பிணைக்க முடியாத நாற்பத்தைந்து வயதுத் தொழிலாளியை "வயதாகிவிட்டது, வேகமில்லை" என்று வெளியே தள்ளுகிறார்கள். அவருக்கு வயதாகவில்லை, கண்ணாடி இல்லை! போதிய வெளிச்சமும் கண் பாதுகாப்பும் வேண்டும் என்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதினார்கள். எழுதியது காகிதத்தில் தங்கிவிட்டது.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

ஆலைதோறும் வருஷத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனை வேண்டும். நிர்வாகச் செலவில் கண்ணாடி வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் பரிசோதகர் வேண்டும். விவசாயத் தொழிலாளர்களுக்கு இலவசக் கண்ணாடி வேண்டும்.

லாசிக் செய்கிற ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் அபாயங்களைத் தமிழில் அச்சிட்டு, ஆபரேஷனுக்கு முதல் நாளே கொடுக்க வேண்டும். விளம்பரத்தில் பலனை எந்த எழுத்தில் போடுகிறார்களோ, அதே எழுத்தில் ஆபத்தையும் போட வேண்டும்.

உண்மையில் லேசர் தேவைப்படுகிற நோயாளிக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் காத்திருக்காமல், காசில்லாமல் கிடைக்க வேண்டும். 1819-லேயே சென்னையில் கண் ஆஸ்பத்திரி கண்ட நாடு இது. இருநூறு வருஷம் கழித்தும் நம் கிராமத்துக் கிழவி கண்ணுக்காகப் பஸ் ஏறி நாள் முழுதும் அலைய வேண்டுமா?

இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ லேசருக்கு நாள் குறித்த பிள்ளை இருந்தால், இந்தக் கட்டுரையை அவன் கையில் கொடுங்கள். ஏழு கேள்விகளையும் காகிதத்தில் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள். முன்பணம் கட்டியிருந்தாலும் பரவாயில்லை. போன பணத்தைச் சம்பாதிக்கலாம். ஒரு சர்க்கார் மருத்துவக் கல்லூரிக் கண் பிரிவில் இரண்டாவது அபிப்பிராயம் கேட்கச் சொல்லுங்கள். ஏழுக்கும் சரியான பதில் கிடைத்து, அவன் தெரிந்தே முடிவு செய்தால், நல்லபடி செய்துகொண்டு வரட்டும், நம் வாழ்த்துக்கள். பதில் கிடைக்காவிட்டால், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்து திரும்பி வரட்டும்.

கண்ணாடி போடுவதில் அவமானம் இல்லை. கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கச் சொல்கிறார்களே, அவமானம் அவர்களுக்குத்தான்!